“சும்மா விசாரணைக்குத்தான்”: கைதின் முதல் 24 மணி நேரம்

“சின்ன விசாரணைதான், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறோம்” என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். காலையில் போனவர் இரவாகியும் வீடு திரும்பவில்லை. போய்க் கேட்டால், “கைதே செய்யவில்லையே” என்று பதில் வருகிறது. மறுநாள் மாலை, பேருந்து நிலையம் அருகே பிடித்ததாகக் கைதுக் குறிப்பு தயாராகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் உறுப்பு 22(2). பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. போலீசார் அந்த 24 மணி நேரத்தைக் குறிப்பில் எழுதிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள். முந்தைய ஒரு பகலும் ஓர் இரவும் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சட்டப்படி ஒருவரை நோட்டீஸ் கொடுத்து அழைக்கலாம், அல்லது கைது செய்யலாம். ஸ்டேஷனில் ‘உட்கார வைப்பது’ என்று மூன்றாவது வழி எதுவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கைது தேவைப்படாதபோது, பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 35(3)-இன் கீழ் நோட்டீஸ். சாட்சிக்குப் பிரிவு 179-இன் கீழ் எழுத்து மூலமான உத்தரவு. 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், ஏன் கைது தேவைப்பட்டது என்பதற்கான காரணத்தை அதிகாரி எழுதியாக வேண்டும். 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு, அதைப் பார்க்காமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்ட்ரேட் மீதும் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. அப்படியும் ரிமாண்ட் ரிப்போர்ட்டுகளில் ஒரே வாசகம் பெயர் மட்டும் மாறி வருவது நிற்கவில்லை.

இனி, ஆளைக் காணோம் என்றதும் வீட்டார் செய்ய வேண்டியது. முன்பெல்லாம் இதற்குத் தந்தி இருந்தது. வக்கீல் ஆபீசிலிருந்து போகும் ‘தந்தி அடித்தாயிற்றா?’ என்ற கேள்விக்கே ஸ்டேஷனில் தனி மரியாதை. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. தந்தி செய்த வேலையை இப்போது மின்னஞ்சல் செய்யும். மாவட்ட எஸ்.பி. அல்லது மாநகரக் கமிஷனர், தலைமை நீதித்துறை நடுவர், மாநில மனித உரிமை ஆணையம் ஆகியோருக்கு நான்கு வரி போதும்: யாரை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்த வண்டியில், எந்த ஸ்டேஷனுக்கு. குற்றச்சாட்டு, வர்ணனை எதுவும் வேண்டாம். பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாலும், கைது நேரத்தை மறுத்து வாதாடினாலும், அன்றைக்கே பதிவான அந்த நேரம்தான் பேசும். அதிலேயே ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கும்படியும் கேளுங்கள். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஓராண்டாவது என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. கேட்காமல் விட்டால் ‘கேமரா பழுது’ என்ற பதில்தான் மிஞ்சும்.

கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். நேரம், இடம் தவறாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதிவிடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 181. பலரும் இது தெரியாமல், எழுதி நீட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வருகிறார்கள்.

அண்மைக் காலத்தில் அதிகம் மாறியிருப்பது கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்கும் விஷயம். உறுப்பு 22(1) ஆரம்பம் முதலே இருக்கிறது. ஆனால் ‘வாய்மொழியாகச் சொன்னோம்’ என்ற ஒற்றை வரியில் அதை முடித்துவந்தார்கள். 2023-இல் பங்கஜ் பன்சால் வழக்கு அமலாக்கத் துறைக்கும், 2024-இல் பிரபீர் புர்கயஸ்தா வழக்கு உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டக் கைதுகளுக்கும் எழுத்து மூலம் தர வேண்டும் என்றன. 2025 நவம்பரில் மிகிர் ராஜேஷ் ஷா வழக்கு அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது: கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், அந்த நேரத்தில் முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தாள் கையில் இருக்க வேண்டும். ‘சாட்சிகளைக் கலைப்பார், தலைமறைவாவார்’ என்பதெல்லாம் எவருக்கும் பொருந்தும் பொதுவான நியாயங்கள். இந்த ஆள் இன்ன நாளில் இன்னது செய்தார் என்பதுதான் காரணம். வெறும் பிரிவு எண் எழுதிய தாள் போதாது. ஆனால் இந்தக் குறையால் கைதுதான் செல்லாமல் போகும், வழக்கு அப்படியே இருக்கும். காரணங்களை எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ரிமாண்ட் கேட்கவும் வழி உண்டு.

மாஜிஸ்ட்ரேட் முன் பேசக் கிடைப்பது இரண்டு நிமிடமாக இருக்கலாம். அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், காரணம் எழுதிக் கொடுத்தார்களா என்ற மூன்றையும் அங்கேயே சொல்லி, பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் மறைத்த காயத்தைப் பிறகு நிரூபிப்பது கடினம். போலீசார் உடன் நிற்கிறார்களே என்று பயந்து ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்வதில்தான் பல புகார்கள் அடிபட்டுப் போகின்றன. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-க்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

குண்டர் சட்டக் காவலுக்கு மட்டும் இந்த 24 மணி நேரக் கணக்கு கிடையாது. தடுப்புக் காவலை உறுப்பு 22(3) விலக்கிவைக்கிறது. அங்கே உங்கள் கையில் இருப்பது 22(5) தரும் முறையீட்டு உரிமை. காவல் ஆணையோடு தரும் ஆவணக் கட்டுக்குள் படிக்க முடியாத நகல், தமிழாக்கம் இல்லாத ஆங்கில ஆவணம் எவை என்று முதல் நாளே பக்க எண்ணோடு குறித்துவைத்து, முறையீட்டை உடனே அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அரசு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளுக்கும் நீதிமன்றம் விளக்கம் கேட்கும்; ரத்தாகும் ஆணைகளில் கணிசமானவை இந்த இரண்டு ஓட்டைகளில்தான் விழுகின்றன.