பைபோலார்: தமிழில் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது

மருத்துவர் சொன்ன சொல்லை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். "பைபோலார்னா என்னடா?" என்று கேட்டாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

'பை' லத்தீன், இரண்டு என்று பொருள். 'போலார்' என்பதன் வேர் கிரேக்கத்தின் 'போலோஸ்', அதாவது சுழலும் ஒன்றின் அச்சு. 1957இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் லியோன்ஹார்ட், மனச்சோர்வு மட்டும் வருகிறவர்களையும், சோர்வோடு மிகையெழுச்சியும் (மனம் அளவுக்கு மீறிப் பொங்கும் நிலை) வருகிறவர்களையும் தனித்தனியே பிரித்து, பின்னவர்க்கு வந்ததை இருமுனை என்றார். அதற்கு முன் இரண்டும் 'மேனிக் டிப்ரெசிவ்' என்ற ஒரே பெயருக்குள் கிடந்தன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பைபோலார் என்ற பெயரை ஏற்றது.

தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. 'இருதுருவக் கோளாறு' என்பதிலுள்ள துருவம் வடசொல். அசையாதது என்று பொருள். ஏறி இறங்கும் மனநிலைக்கு அது ஒட்டவில்லை. 'இருமுனையப் பிறழ்வு' நல்ல தமிழ்தான். ஆனால் 'பிறழ்சாட்சி' என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய காதுக்கு அதில் குற்றத்தின் வாடை அடிக்கிறது. 'இருமுனைக் கோளாறு' என்பதே என் தேர்வு. வயிற்றுக் கோளாறு என்று கூச்சமில்லாமல் சொல்கிறோமே, அந்த இயல்பு இதிலும் இருக்கிறது. 'அவர் ஒரு பைபோலார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கோளாறு அவருக்கு இருக்கிறது. அவரே கோளாறு அல்ல.

முனை என்றதும் எப்போதும் ஏதோ ஒரு கோடியில் நிற்பதாகத் தோன்றும். அப்படியில்லை. இடையில் மாதக்கணக்கில் சாதாரணமாக இருப்பவர்கள் உண்டு. சில சமயம் சோர்வும் எழுச்சியும் ஒன்றாகவே வந்து வாட்டும். காலையில் சிரித்து மாலையில் எரிந்து விழுவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. முழு மிகையெழுச்சி என்று சொல்ல, பொதுவாக ஒரு வாரமாவது அது நீடிக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது? சொல்வதால் என்ன பயன் என்று பார்த்தே முடிவுசெய்தேன். மருந்து எழுதும் எந்த மருத்துவரிடமும் மறைப்பதில்லை. இந்தக் கோளாறுக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்கு ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மனச்சோர்வுக்கான மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மிகையெழுச்சி கிளம்பிவிடும். பல் மருத்துவரிடம்கூடச் சொல்கிறேன். அலுவலகத்தில் 'சிகிச்சையில் இருக்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அது பொய்யில்லை. பெயர் வரை சொல்ல வேண்டுமா என்பது என் உரிமை.

அக்காவிடம் முழுதும் சொன்னதற்குக் காரணம் தூக்கம். மூன்று நாளாக இரண்டே மணி நேரம் தூங்கியும் களைப்பில்லாமல், நள்ளிரவில் புத்தக அலமாரியைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது உற்சாகம். அவளுக்குத்தான் அது அறிகுறியாகத் தெரிந்தது. இப்போது போனில் அவளுடைய முதல் கேள்வியே, "நேத்து எத்தனை மணிக்குடா படுத்தே?"