கட்டி வேறு, சிறுமுடிச்சு வேறு

'நுரையீரலில் கட்டி, ஆறு மாதம் கழித்துப் பின்தொடர்தல் சி.டி.' என்று ஒரு ஸ்கேன் அறிக்கையின் தமிழாக்கம். முதல் பாதி ஆளைச் சாகடிக்கிறது, மறுபாதி ஆறு மாதம் காத்திரு என்கிறது. வீட்டில் ஒப்பாரி வைப்பதா, சும்மா இருப்பதா?

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'நாட்யூல்'. லத்தீனில் நோடுஸ் என்றால் முடிச்சு, நோடுலுஸ் சின்ன முடிச்சு. 3 செ.மீ.க்கு மிகாத, ஏறக்குறைய உருண்டையான புள்ளிக்குத்தான் இந்தப் பெயர். அதைத் தாண்டினால் ரேடியாலஜிஸ்டே 'மாஸ்' என்று எழுதுவார். அதைத் தாராளமாகக் கட்டி என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் 5 மி.மீ. புள்ளிக்கும் அதே சொல்லா? வெளியே தெரிந்தால் வேனல்கட்டி, உள்ளே இருந்தால் புற்றுநோய், இதுதான் கட்டி என்றதும் நம் காதில் விழுவது. இத்தனை சிறிய புள்ளிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. நம் ஊரில் என்றோ வந்து ஆறிய காசநோயின் வடுவாகவே பல இருக்கும்.

'கணு' என்போரும் உண்டு. கேட்க அழகுதான். ஆனால் நிணநீர்க் கணு (லிம்ஃப் நோடு) என்று அது ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. மார்பு சி.டி. அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும், படிப்பவர் எந்தக் கணுவென்று தேடுவார்? முடிச்சு என்றால் கயிறுதானே நினைவுக்கு வரும் என்று ஆட்சேபிக்கிறார்கள். நிலக்கடலைச் செடியின் வேர் முடிச்சைப் பள்ளியிலேயே படித்தோமே, அதில் யார் கயிறு கட்டினார்கள்? அங்கும் ஆங்கிலத்தில் இதே நாட்யூல்தான். ஆகவே சிறுமுடிச்சு.

அடுத்தது 'பின்தொடர்தல்', ஆங்கில 'ஃபாலோ-அப்'பின் நேர்பெயர்ப்பு. யார் யாரைப் பின்தொடர்கிறார்கள், போலீஸா? தொடர் கவனிப்பு என்றால் போதும். மார்பு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள ஒற்றைத் திடமுடிச்சுக்கு (படத்தில் முழுதும் அடர்த்தியாகத் தெரிவது) 6 முதல் 12 மாதத்துக்குள் மறுபடி ஒரு சி.டி. பழைய படத்தோடு ஒப்பிட்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலையே (பழைய சி.டி.யைத் தூக்கிப் போடாதீர்கள்). திடமுடிச்சு 2 ஆண்டு அப்படியே இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள். படத்தில் மங்கலான மூட்டமாகத் தெரியும் 'கிரவுண்ட் கிளாஸ்' வகையை 5 ஆண்டு வரை பார்ப்பார்கள், அது வளர்ந்தாலும் மெதுவாகவே வளரும் என்பதால்.

அந்த கிரவுண்ட் கிளாஸைத் 'தரைக் கண்ணாடி' என்று பெயர்த்தவரும் இருக்கிறார். தரையும் இல்லை, தளமும் இல்லை. குளியலறை ஜன்னலில் போடுகிறோமே, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, அது.