மாபி: பட்டைக் கஷாயம் அல்ல

கரீபியன் கதையோ சமையல் குறிப்போ, தமிழாக்கத்தில் ‘மாபி’ என்ற மரப்பட்டைக் குளிர்பானம் வரும் இடமெல்லாம் ‘பட்டைக் கஷாயம்’ என்றே போட்டுவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

முதலில் ஒலி. ஆங்கில எழுத்தை (mauby) பார்த்து ‘மௌபி’ என்று எழுதக் கூடாது. ‘காபி’ என்று எந்தக் கணக்கில் எழுதுகிறோமோ அதே கணக்கில் ‘மாபி’. சொல்லின் வேர், கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளான கரீப் மக்களின் மொழி. அங்கே அது சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குறித்த சொல். ஆங்கிலேயரான ரிச்சர்ட் லிகன் 1657-இல் வெளியிட்ட பார்படோஸ் தீவின் வரலாற்றில் வரும் ‘மாபி’யும் கிழங்கைப் புளிக்கவைத்த குடிவகைதான். கிழங்கு போய் மரப்பட்டை வந்தது பிற்பாடு. ஆக, மூலச்சொல்லில் பட்டையே இல்லை!

நாம்தான் வலியப் பட்டையை நுழைக்கிறோம். நுழைத்தால் என்ன ஆகும்? தமிழ்ச் சமையலறையில் பட்டை என்றால் லவங்கப்பட்டை. மாபியிலும் லவங்கப்பட்டை சேரும். கிராம்பு, சோம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேரும். ஆனால் கசப்பைத் தருவது இலந்தைக் குடும்பத்தைச் சேர்ந்த கொலுப்ரினா மரத்தின் பட்டை. வாசகர் வாசனைப் பொருளை மூலப்பொருள் என்று நினைத்துக்கொள்வார். ‘பட்டைச் சாராயம்’ என்று கேட்டு வளர்ந்தவருக்கோ வேறு நினைப்பு வரும். ஸ்பானிஷ் பேசும் தீவுகளில் இதைப் புளிக்கவைப்பதும் உண்டு என்பதால் அந்தக் குழப்பம் இன்னும் முற்றும்.

‘கஷாயம்’ அதைவிட மோசம். கஷாயம் என்றால் காய்ச்சல்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது. தூய தமிழ் வேண்டும் என்று ‘பட்டைக் குடிநீர்’ என்றால் அதுவும் நிலவேம்புக் குடிநீர் வரிசையில் போய் நிற்கும். மாபியைக் கொதிக்கவைத்து இறக்குகிறார்கள், சரி. அப்புறம் தண்ணீர் விட்டு, சர்க்கரை அள்ளிப் போட்டு, நுரை பொங்க ஆற்றிக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். நாக்கில் முதலில் இனிப்பு, விழுங்கிய பிறகு கசப்பு. பார்படோஸ் தலைநகரான பிரிட்ஜ்டவுன் தெருக்களில் அந்தக் காலத்து மாபிக்காரிகள் குழாய் வைத்த தகரப் பாத்திரத்தைத் தலையில் சுமந்துபோய், இறக்காமலேயே குழாயைத் திருகிக் கோப்பையில் பிடித்துக் கொடுப்பார்களாம். கஷாயத்தை யாராவது அப்படித் தெருவில் கூவி விற்பார்களா?

நம்மிடம் ‘பானகம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. இனிப்பு, வாசனைப் பொருள், தாகம் தீர்க்கும் குளுமை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். முதல் இடத்தில் ‘மாபி என்னும் கசப்புப் பானகம்’, அதன்பின் வெறும் ‘மாபி’. ‘பானகம்’ வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள், ‘கஷாயம்’ மட்டும் எந்த ஊர்ச் சொல் என்று பார்த்துக்கொள்ளட்டும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் அந்தப் பானத்தை எப்போது, எதற்காகக் குடிக்கிறார்கள் என்று ஒரு பத்தி படித்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.