சின்னத் தீவுதானே, ஒரு நாள் போதாதா?

போதாது. கிரேக்கப் பயணத்துக்குத் திட்டம் போட்டுத் தருவது என் தொழில். கோடைக்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லி வரும் திட்டங்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது: ஏதென்ஸ் இரண்டு நாள், சாண்டோரினி இரண்டு நாள், அப்புறம் "கூட்டம் இல்லாத ஒரு குட்டித் தீவு" ஒரே ஒரு நாள், மறுநாள் மாலை ஏதென்ஸிலிருந்து விமானம். அந்தக் குட்டித் தீவு பெரும்பாலும் கூஃபோனிசியாகத்தான் இருக்கிறது. இந்த ஆகஸ்டிலும் ஒரு குடும்பம் அப்படிப் போய், காற்றில் கப்பல் நின்று, விமானத்தைத் தவறவிட்டு, நாலு பேருக்கும் புதிதாக டிக்கெட் வாங்கித் திரும்பியிருக்கிறது. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கூஃபோனிசிக்குப் போகலாமா? மூன்று இரவு தங்க முடியுமென்றால் தாராளமாகப் போகலாம். முடியாதென்றால் வேண்டாம்.

"தீவே ஆறு கிலோமீட்டர்தான், மூன்று நாள் அங்கே என்ன செய்வது?" என்று உடனே கேட்பார்கள். எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆள் வசிக்கும் தீவான அனோ கூஃபோனிசியின் பரப்பு 6 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, ஊர்க்காரர்கள் ஏறத்தாழ 400 பேர், உண்மைதான். ஆனால் தீவு சின்னதாக இருப்பதால் போய்வரும் நேரம் குறைந்துவிடாது. சின்னத் தீவுக்குத்தான் போய்ச் சேருவது கடினம். அங்கே விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் போனால் பரோஸ், நாக்சோஸ் தீவுகளில் எல்லாம் நின்று போய்ச் சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும், அதுவும் எல்லா நாளும் கிடையாது. நாக்சோஸிலிருந்து 'எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிதிஸ்' என்ற சிறு கப்பல் இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசி, அமோர்கோஸ் என்று நம்மூர் டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு துறையாக நின்று போகும். போகிற நாளில் பாதி கப்பலில் கழியும், வருகிற நாளில் பாதி கப்பலுக்குக் காத்திருப்பதில் கழியும். ஓர் இரவு மட்டும் தங்குபவருக்கு மிஞ்சுவது ஒரு மாலையும் ஒரு காலையும். அதற்கு ஒரு குடும்பத்தின் கப்பல் கட்டணத்தைக் கொட்ட வேண்டுமா?

இன்னொன்று. அங்கே "பார்த்து முடிக்க" ஒன்றும் இல்லை. ஊரும் துறைமுகமும் அம்மோஸ் கடற்கரையும் ஒட்டியே இருக்கின்றன. அங்கிருந்து தெற்குக் கரையோரமாகக் கிழக்கே நடந்தால் ஃபினிகாஸ், ஃபானோஸ், இத்தாலிதா கடற்கரைகள், கடைசியில் வளைகுடா போல வளைந்த போரி. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். வழியெல்லாம் மஞ்சள் பாறைத் தட்டுகள், அவற்றில் கடல் குடைந்த குகைகள், 'பிஸினா' என்ற இயற்கைக் குளம் ஒன்று. குதிப்பது, நீந்துவது, காய்வது, சாப்பிடுவது, மறுநாளும் அதையே செய்வது: இது பிடித்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தீவு. நீலக் குவிமாடத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டுமென்றால் சாண்டோரினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொல்லியல் ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிரே தெரியும் கேரோஸ் தீவு 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய சைக்ளாடிக் (இந்தத் தீவுக்கூட்டத்தின் பழங்கால நாகரிகம்) பளிங்குச் சிலைகளுக்குப் பேர்போனது, ஆனால் அங்கே கால் வைக்க அனுமதி இல்லை. அங்கே கிடைத்த யாழ் வாசிப்பவர் சிலை ஏதென்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு அங்கேயே போங்கள்.

காற்று விஷயத்தைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று அடிக்கும். ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாள் விடாது. மழை இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். 8 போஃபோர்ட் (காற்றின் வேகத்தைச் சொல்லும் அளவு) என்று முன்னறிவிப்பு வந்தால் துறைமுகக் காவல் அதிகாரிகள் கப்பல் ஓடத் தடை போடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதிவேகப் படகுகளும் சிறு கப்பல்களும் அதற்கு முன்பே நின்றுவிடும். கூஃபோனிசியின் நல்ல கடற்கரைகள் தெற்குப் பக்கம் இருப்பதால், காற்று உச்சத்தில் இருக்கும் நாளிலும் அங்கே தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு "கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, கப்பல் ஏன் வரவில்லை?" என்று டிக்கெட் அலுவலகத்தில் சண்டை போடுகிறார்கள். நாக்சோஸுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் திறந்த கடலைப் போய்ப் பாருங்கள், புரியும்.

தடை வந்தால் கப்பல் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பலுக்கு மாற்றித் தருவார்கள். அவ்வளவுதான். 1177/2010 என்ற ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, மோசமான வானிலையால் பயணம் ரத்தானால் இழப்பீடும் கிடையாது, தங்கும் செலவும் கிடையாது. விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருந்தே ஆக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு இரவு. இதில் பேரம் பேசாதீர்கள். அந்த இரவை "வீண்" என்று வெட்டுபவர்கள்தான் கடைசியில் அழுகிறார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்கள் ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். செல்லுபடியாகும் தேதி வேறு, தங்கும் நாட்கள் வேறு. தங்கும் நாட்கள் கணக்கு விமான நாளோடு சரியாக முடிந்தால், கப்பல் நின்ற அன்று விசாவும் பிரச்சினையாகும். விண்ணப்பிக்கும்போதே இந்த உபரி இரவுகளைப் பயணத் திட்டத்தில் காட்டுங்கள்.

ஒன்பது இரவு இருந்தால் என் கணக்கு இது: ஏதென்ஸ் 2, நாக்சோஸ் 3, கூஃபோனிசி 3, மறுபடி ஏதென்ஸ் 1. ஜூலை, ஆகஸ்ட் என்றால் நாக்சோஸில் ஒன்றைக் குறைத்துக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். ஆறு இரவுதான் என்றால் கூஃபோனிசியை விட்டுவிட்டு நாக்சோஸில் நில்லுங்கள். நல்ல மணல் கடற்கரை, பேருந்து, மருத்துவமனை, 1,000 மீட்டர் உயர மலை, சின்ன விமான நிலையம் எல்லாம் அங்கே உண்டு. யாரும் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

மாதம் ஜூன் அல்லது செப்டம்பர். செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகஸ்ட் 15 மரியன்னை விழா; அதையொட்டிய வாரத்தில் கிரேக்கர்களே தீவுகளுக்குத் திரண்டு வருவார்கள், அறை கிடைக்காது. அக்டோபர் பாதிக்கு மேல் பெரும்பாலான உணவகங்களுக்குப் பூட்டுத் தொங்கும்.

கப்பல் ஏறும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. பிரேயஸ் துறைமுகம் பல கிலோமீட்டர் நீளம், வாயில்களுக்கு எண் உண்டு. எண்ணைப் பார்க்காமல் மெட்ரோவில் இறங்கி ஓடாதீர்கள். மற்றது இறங்கும்போது. பெட்டிகளைக் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்கில்தான் வைக்கச் சொல்வார்கள். அங்கேயே வையுங்கள், அடுத்த தீவின் அடுக்கில் இடம் காலியாக இருக்கிறதே என்று வைக்காதீர்கள். சிறு தீவில் கப்பல் பின்பக்கமாகத் திரும்பி, சாய்தளத்தை இறக்கி, சில நிமிடம்தான் நிற்கும். அறிவிப்பு வந்தவுடன் கீழே போய் நில்லுங்கள். குழந்தைக்குச் செருப்பு மாட்ட அப்போது நேரம் இருக்காது.

கடற்கரைகளில் நிழல் மிகக் குறைவு. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் நண்பகலில் போரிக்கு நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், தயவுசெய்து. துறைமுகத்திலிருந்து கடற்கரைகளுக்குச் சிறு படகு ஓடுகிறது, அதில் போகலாம். தீவில் ஒரு சிறு சுகாதார நிலையம் இருக்கிறது, மருத்துவமனை இல்லை. இதய நோய்க்கோ வலிப்புக்கோ தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கப் பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். கழிவறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் கூடையில் போடுங்கள். குழாய்கள் குறுகலானவை, அடைத்தால் முழு விடுதிக்கும் கஷ்டம். விடுதியில் ஒவ்வோர் இரவுக்கும் அரசு வரி தனியாக வாங்குவார்கள், முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள் பருப்பை மசித்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்ட ஃபாவா, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை யிகாந்தெஸ், கொண்டைக்கடலை ரெவித்யா, வேகவைத்த கீரை ஹோர்தா எல்லாம் அங்கே சாதாரணச் சாப்பாடு. அரிசி அடைத்த தக்காளியான யெமிஸ்தாவில் மட்டும் கொத்துக்கறி கலந்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உண்மையிலேயே ஒரே நாள்தான் இருக்கிறது, தீவு பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஏஜினாவுக்குப் போங்கள். பிரேயஸிலிருந்து அதிவேகப் படகில் 40 நிமிடம், சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், ஒரு நாளில் பல தடவை ஓடுகிறது. ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவுக்குள் இருப்பதால் மெல்தெமியின் வேகமும் குறைவு. காலையில் போய், குன்றின் மேல் இருக்கும் அஃபாயா கோயிலைப் பார்த்து, துறைமுகத்தில் பிஸ்தா வாங்கிக்கொண்டு மாலைக் கப்பலில் திரும்பலாம். கடைசிக் கப்பலுக்கு மட்டும் திட்டம் போடாதீர்கள், அதற்கு முந்தையதில் ஏறிவிடுங்கள்.