சொல் விளக்கம்: பூனாவாலா, பாட்லிவாலா... ‘வாலா’ என்றால் என்ன?

பூனாவாலா, தாரூவாலா, லோகண்ட்வாலா, ஜுன்ஜுன்வாலா. மும்பை, குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் குடும்பப்பெயர்களில் வரும் ‘வாலா’ தனிச்சொல் அன்று, விகுதி. காப்பவர் எனப் பொருள்படும் ‘பால’ என்ற வடசொல்லே அதன் வேர் என்பர். ‘கோபால’ இந்தியில் ‘குவாலா’ (இடையர்) ஆனதும் இதே வழியில்தான். காப்பவர் நாளடைவில் உடையவரானார், விற்பவரானார், ஓர் ஊரைச் சேர்ந்தவரும் ஆனார்.

ஆகவே பொருள் முன்பாதியில் இருக்கிறது. அது சரக்கா, ஊரா என்று முதலில் பார்க்க வேண்டும். லோகண்ட் இரும்பு; தாரூ மது. பழைய பாட்டில் வணிகம் செய்த பார்சி வள்ளல் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் (1783–1859) ‘பாட்லிவாலா’ என்றே அழைக்கப்பட்டார். பூனாவாலா, ரங்கூன்வாலா ஊர்ப்பெயர்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஜுன்ஜுன்வாலா. இந்தியில் ‘ஜுன்ஜுனா’ என்றால் கிலுகிலுப்பை. அதை வைத்துப் பொம்மை வியாபாரி என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். அது ராஜஸ்தானின் ஜுன்ஜுனு ஊரைக் குறிக்கும் பெயர்.

விகுதியே இல்லாமல் தொழில் மட்டும் பெயரானதும் உண்டு: கிரிக்கெட் வீரர்கள் ஃபரூக் இன்ஜினியர், நாரி கான்ட்ராக்டர்.

தமிழில் நேர்ச்சொல் தேடி அலைய வேண்டாம். ‘காரர்’ அச்சாகப் பொருந்துகிறது: தூத்வாலா பால்காரர், பைசேவாலா பணக்காரர், டில்லிவாலா டில்லிக்காரர். கணவரைக் குறிக்கும் ‘கர்வாலா’கூட நம் ‘வீட்டுக்காரர்’தான்! ‘காரர்’ சேரும்போது ஒற்றைக் கவனிக்க வேண்டும். உயிரில் முடியும் சொல்லில் க் மிகும் (பூக்காரர்). மகர ஈறு கெட்டும் மிகும் (தோட்டம், தோட்டக்காரர்). ல், ன் ஈற்றில் மிகாது (பால்காரர், கடன்காரர்).

வினையோடு வரும் வாலாவுக்கு மட்டும் ‘காரர்’ உதவாது. ‘ஜானேவாலா’ என்பதைப் போகிறவர் என்று வினையாலணையும் பெயராக்க வேண்டும். ‘ஜானேவாலா ஹை’ என்றால் போகப்போகிறார்.

பொதுச்சொல்லாக வரும்போது பெண்பால் ‘வாலி’. தமிழில் காரி, மரியாதையாகக் காரம்மா. குடும்பப்பெயரில் அந்த மாற்றம் கிடையாது. புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா பெண்தான், பெயர் ‘வாலா’வாகவே நின்றது. பெயரை மொழிபெயர்க்கவும் கூடாது: தாரூவாலாவைச் சாராயக்காரர் என்று எழுதினால் விளக்கம் வசையாகிவிடும்.