பொறுப்புக்கூறல்: ‘அக்கவுண்டபிலிட்டி’க்கு நம் சொல்

பள்ளிகளைப் பற்றிப் பேசும் அதிகாரிகள் வாயில் ‘அக்கவுண்டபிலிட்டி’ அடிக்கடி வருகிறது. அதன் வேர், எண்ணுதல் என்று பொருள்படும் ‘கம்ப்யூட்டாரே’ என்ற லத்தீன் சொல். கம்ப்யூட்டருக்கும் அதே வேர்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிறர் பணத்தைக் கையாண்டவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதே அடிப்படைப் பொருள்.

பழைய கச்சேரித் தமிழில், அதாவது அரசு அலுவலகத் தமிழில், இதற்கு ‘ஜவாப்தாரி’ இருந்தது. ஜவாப் என்றால் பதில். ‘உத்தரவாத’த்தில் உள்ள உத்தரமும் பதில்தான், பாவம், அது இன்று மிக்சிக்குத் தரும் கேரண்டியாகச் சுருங்கிவிட்டது. புழக்கத்தில் எஞ்சியவை பொறுப்புடைமை, பொறுப்புக்கூறல். முன்னது குணம், பின்னது செயல். எனக்குப் பின்னதே பிடிக்கும். இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில், இலங்கைத் தமிழ் ஏடுகளில் அது அன்றாடச் சொல். ‘பொறு’ என்றால் சுமத்தல், தாங்குதல். ஆங்கிலச் சொல் எண்ணச் சொல்கிறது. நம் சொல் சுமக்கவும் சொல்கிறது.

எதை எண்ணுவது என்பதில்தான் வம்பு. பாம்பனில் படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகே பங்கு பிரிப்பார்கள். காற்று மோசமான நாளில் வெறும் வலையோடு வந்தவரைச் சோம்பேறி என்று யாரும் ஏசுவதில்லை. பள்ளிக்கூடத்தை மட்டும் தேர்ச்சி சதவீதம் என்ற ஏலத்தொகையை வைத்தே எடைபோடுகிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் 46 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் 40 பேர். அத்தனை பேரும் தேர்ச்சி. வாசலில் ‘100 சதவீதம்’ என்று ஃபிளெக்ஸ் தொங்குகிறது. மீதி ஆறு பேர்? ஒருவன் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்லி மாற்றுச் சான்றிதழோடு அனுப்பப்பட்டவன். ஒருத்தி, அம்மா பாசி பறிக்கக் கடலுக்குப் போகும் நாட்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றவள். ஃபிளெக்ஸில் பொய் ஏதும் இல்லை, இவர்கள்தான் இல்லை.

அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான ‘ஒரு குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் மொத்தக் கணக்கில் சிலரை மறைக்கும் இந்த வழக்கத்தை உடைத்தது. ஏழைகள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் கற்று வருபவர்கள் என ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியையும் தனித்தனியே காட்டச் சொன்னது. ஆனால் 2014க்குள் அனைவரும் தேறியாக வேண்டும் என்று இலக்கு வைத்து, எட்டாத பள்ளிகள் மீது நடவடிக்கையும் எடுத்தது. எண்ணத் தெரிந்த சட்டத்துக்குச் சுமக்கத் தெரியவில்லை. 2015இல் வேறு சட்டம் வந்தது.

நம் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், கணக்குக் கேட்கும் இடத்தில் பெற்றோரை உட்கார வைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு பற்றிய சட்டப்பிரிவு பொருந்தாது என்பது தனிக் கதை.

குழுக் கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்று சீட்டு வந்தால், மண்டபம் பக்கத்துத் தாய்மார் பலர் அப்போது விரல்களில் துணி சுற்றி, கழுத்தளவு கடல்நீரில் பாசி பறித்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தை மாலைக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் முதலில் கேட்கலாம்.