டிக்கெட் தேடுவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள்

தீம் பார்க்கின் பெரிய ரோலர் கோஸ்டர் ஒவ்வொன்றின் வாசலிலும் உயரம் பார்க்கும் அளவுகோல் ஒன்று நிற்கும். நான்கு பேர் கொண்ட குடும்பம், கூடுதல் பணம் கட்டிச் சீக்கிரம் ஏற உதவும் விரைவு வரிசைப் பாஸ் நான்கு பேருக்கும். ஊழியர் சின்னவனைக் கோலுக்கு அடியில் நிற்கச் சொல்கிறார். குறுக்குக் கட்டைக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. "டிக்கெட் வாங்கியிருக்கோமே!" என்று அப்பா குரலை உயர்த்துகிறார். பிள்ளை அழ ஆரம்பிக்கிறது. அம்மா பாஸுக்குக் கொடுத்த பணத்தை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

குடும்பச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் தொழிலில் இருக்கிற எங்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். இந்த விடுமுறையிலும் அதே தொலைபேசி, அதே கேள்வி: "அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கித் தர முடியுமா?" பெரும்பாலும் முடியாது. பாஸில் கோளாறு இல்லை, ரைடும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளையின் உயரம் தெரியாமல் பாஸ் வாங்கியது மட்டும்தான் தப்பு.

தீம் பார்க் பட்ஜெட் என்றதும் எல்லோரும் தள்ளுபடி டிக்கெட்டைத் தேடி ஓடுகிறார்கள். ஓடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் அளவு டேப்பை எடுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்தி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை எத்தனை சென்டிமீட்டர்? திட்டம் மொத்தமும் இந்த எண்ணில்தான் நிற்கிறது.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பூங்காவில் உயரம் இரண்டு வேலைக்குப் பயன்படுகிறது. ஒன்று, டிக்கெட் விலைக்கு. சில பூங்காக்கள் குழந்தை டிக்கெட்டை வயதை வைத்துத் தீர்மானிக்கும், சில உயரத்தை வைத்து. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 3 வயதுக்குக் கீழே இலவசம், 10 வயதானால் பெரியவர் கட்டணம். இன்னொன்று, ரைடில் ஏறும் அனுமதிக்கு. முதலாவது கல்லாப்பெட்டி சமாசாரம், இரண்டாவது உயிர் சமாசாரம். பெரியவர் டிக்கெட் வாங்கிய பத்து வயதுப் பிள்ளை பெரியவர் ரைடில் ஏற முடியாமல் போவது சர்வ சாதாரணம். "முழு டிக்கெட் போட்டிருக்கு, ஏன் ஏத்த மாட்டேங்கறீங்க?" என்று ஊழியரிடம் மல்லுக்கு நிற்பதில் அர்த்தமே இல்லை. அவர் பார்ப்பது டிக்கெட்டை அல்ல, கோலை.

"ரெண்டு சென்டிமீட்டர்தானே, விடுங்க சார்" என்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரோலர் கோஸ்டர் மேட்டின் உச்சியைத் தாண்டிக் கவிழும்போது வண்டி கீழே போகிறது, உடம்பு வந்த திசையிலேயே போகப் பார்க்கிறது. அடிவயிற்றில் ஜிவ்வென்று ஒன்று கிளம்புமே, அந்த நொடியில் நீங்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை. தொடைக்கு மேலே இருக்கும் கம்பிதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கம்பி இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே சரியாகப் படிய ஒரு குறைந்தபட்ச உடம்பு வேண்டும். அதற்கும் சிறிய உடம்பு கம்பிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதிலும் ஒரே கம்பி இரண்டு பேருக்குப் பொதுவாக இருந்தால், அது அப்பாவின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணையே நுழையும்.

"நான் இறுக்கிப் பிடிச்சுக்கறேன்" என்பது அடுத்த வசனம். வளைவில் மூன்று மடங்கு விசை வரும்போது 20 கிலோ பிள்ளை 60 கிலோ கனத்தோடு இழுக்கும். 60 கிலோவை ஒரு கையால் அணைத்துப் பிடிக்க எந்த அப்பாவாலும் முடியாது. தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். ரைடு வடிவமைப்புக்காக வெளியிட்ட எஃப்2291 தரநிலை, பயணியை இருக்கையில் பிடித்து வைக்கும் சாதனங்களையே 5 வகுப்புகளாகப் பிரிக்கிறது. எந்த ரைடில் எவ்வளவு விசை வரும், அதற்கு எந்த வகுப்புக் கம்பி தேவை என்றெல்லாம் பார்த்துத்தான் உயர வரம்பு முடிவாகிறது. வாசலில் நிற்கும் பையன் தன் இஷ்டத்துக்குச் சொல்வதில்லை.

ஷூவுக்குள் காகிதம் திணிப்பது, உச்சந்தலையில் கொண்டை போடுவது, "எக்கி நில்லுடா" என்று காதில் ஓதுவது எல்லாம் ஊழியர்கள் தினமும் பார்ப்பதுதான். பிடிபட்டால் அவமானத்தோடு போய்விடும். பிடிபடாமல் போவதுதான் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

டேப் எண் கையில் இருக்கட்டும். இப்போது பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் போட்டிருக்கும் உயர வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் 97, 102, 107, 112, 122, 137 சென்டிமீட்டர் என்று படிப்படியாக இருக்கும். வீடியோவில் பார்த்த பெயரை நம்பாதீர்கள். ஸ்பேஸ் மவுண்டன் என்ற ஒரே பெயரில் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் ஓடும் ரைடுக்கு 102 சென்டிமீட்டர் போதும். ஃப்ளோரிடாவில் ஓடுவதற்கு 112 வேண்டும். பெயர் ஒன்று, தடம் வேறு. சில ரைடுகளுக்கு உச்ச வரம்பும் உண்டு, ஆறரை அடி அப்பாக்கள் கவனிக்கவும். பருத்த உடம்புக்காரர்களுக்காகப் பல ரைடுகளின் வாசலிலேயே மாதிரி இருக்கை வைத்திருப்பார்கள். வரிசையில் சேர்வதற்கு முன் அதில் உட்கார்ந்து கம்பி பூட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடப்பதைவிட இதில் கூச்சம் குறைவு.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் பயணத்துக்கு வருகிறவர்களின் பெயர்கள், பக்கவாட்டில் ரைடுகள். யார் எதில் ஏற முடியும், யார் ஏற விரும்புகிறார்கள் என்று டிக் போடுங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுப் பிரச்சினை, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் பெரிய ரைடுகளில் எல்லாம் கோடு விழும். பாட்டியின் கட்டத்தில் இரண்டு டிக், நான்கு வயதுப் பேத்தியின் கட்டத்தில் ஐந்து டிக். இப்போது சொல்லுங்கள், இந்த இரண்டு பேருக்கும் விரைவு வரிசைப் பாஸ் எதற்கு? பாஸ் விற்கும் பக்கம் 'குடும்பத்தில் அனைவருக்கும்' என்றுதான் காட்டும். நீங்கள் அப்படி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான பூங்காக்களில் ஆளுக்கு ஆள் தனியாக வாங்கலாம்.

பிள்ளை கனவு காணும் ரைடுகளில் பாதிக்கு மேல் டிக் விழவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய சிக்கனம். நான்கு வயதுக்கு மேல் பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். 107 இருக்கும் பிள்ளை அடுத்த வருடம் 112ஐத் தாண்டிவிடும். அதுவரை பொறுக்காது என்றால் சின்னப் பிள்ளைகளுக்கான ரைடு நிறைந்த, விலை குறைந்த பூங்காவாகப் பாருங்கள். ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உலகின் மிகப் பெரிய பூங்காவும் சுற்று வட்டாரத்துச் சின்னப் பூங்காவும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கும் காசு மட்டும்தான் வேறு.

அடுத்தது தேதி. 1982 வரை டிஸ்னிலேண்டில் ரைடுக்கு ஒரு சீட்டு கிழிக்கும் சீட்டுப் புத்தகம் இருந்தது. பிறகு ஒரே நுழைவுக் கட்டணம், உள்ளே எல்லாம் அடக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து ரைடின் நிஜ விலை நீங்கள் வரிசையில் நிற்கும் நேரம். பூங்கா 10 மணி நேரம் திறந்திருக்கிறது என்று வையுங்கள். சாப்பாட்டுக்கு 1 மணி, நடை, கழிப்பறை, ஒரு நிகழ்ச்சி என்று 2 மணி போனால் மிச்சம் 7 மணி நேரம். கூட்ட நாளில் ஒரு ரைடுக்குச் சராசரி 50 நிமிடக் காத்திருப்பு, ஏறி இறங்க 10 நிமிடம். ஆக 7 ரைடு. கூட்டமில்லாத நாளில் காத்திருப்பு 20 நிமிடம் என்றால் 14. அதே வாசல், அதே டிக்கெட், இரண்டு மடங்கு ரைடு. பத்து சதவீதத் தள்ளுபடிக்காக நள்ளிரவு வரை கைபேசியைத் தேய்ப்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போடுவதில்லை.

பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, பண்டிகை வாரம் மூன்றையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். செவ்வாய், புதன், வியாழன் பொதுவாக நிம்மதி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கூட்டம் குறைவு என்று தெரிந்தால் பூங்காவும் கோஸ்டர் தடத்தில் ஓடும் ரயில்களைக் குறைத்துவிடும். 24 இருக்கை ரயில்கள் நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பினால் மணிக்கு 1,440 பேர் ஏறலாம். ஒரே ரயில், இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 576 பேர்தான். அதனால் வெறிச்சோடிய நாளில்கூடச் சில வரிசைகள் நகராது. வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாமல், ஆப்பில் காட்டும் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். எந்தெந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்பதையும் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். டிக்கெட் வாங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை.

திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் ரைடுகள் மத்தியானம் முழுக்க நின்றாலும் முடியாது. உள்ளே போனதும் முகப்பில் இருக்கும் கடையில் நின்று தொப்பி பார்ப்பவர்களைத் திருத்த முடியாது, விட்டுவிடலாம். நேராகத் தாளில் முதலில் இருக்கும் பெரிய ரைடுக்கு நடங்கள். மத்தியான வெயிலில் உள்ளரங்க நிகழ்ச்சி. மூடும் நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் வழக்கமாக ஏற்றிவிடுவார்கள். ஆகவே கடைசி ரைடுக்கு மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு போய் நின்றால் போதும்.

சின்னப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு ஊழியர்கள் தாமாகச் சொல்லாத ஒரு வசதி: ஆள் மாற்றும் முறை. அம்மா பிள்ளையோடு வெளியே நிற்க, அப்பா ஏறி வருவார். பிறகு அம்மா மறுபடியும் முழு வரிசை நிற்காமல் ஏறலாம். பல பெரிய பூங்காக்களில் கூடுதல் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். ஆனால் வரிசையில் சேரும்போதே வாசலில் கேட்க வேண்டும், இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாள் வரிசை இருக்கிறது. காலி இருக்கையை நிரப்பக் கூப்பிடுவார்கள். சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் பெரும்பாலும் நேரம் மிச்சமாகும்.

பணம் ஒழுகும் ஓட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல பெரிய கோஸ்டர்களில் பை கொண்டுபோக விடமாட்டார்கள், சில பூங்காக்களில் ஒவ்வொரு முறையும் லாக்கருக்குக் காசு. பையே வேண்டாம், ஜிப் வைத்த பாக்கெட் போதும். வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இருந்தாலும் கைக்குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் பொதுவாக அனுமதி உண்டு. காலித் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், கண்ணாடி பாட்டில் கூடாது. தண்ணீர் ரைடு இருந்தால் நைலான் உடை வீட்டிலிருந்தே வரட்டும். பருத்தித் துணியின் நூல் வடிகட்டியை அடைப்பதால் பல இடங்களில் அதை அனுமதிக்க மாட்டார்கள், அங்கே வாடகை உடைக்கு வரிசையில் நிற்பீர்கள். ஒரு நாளில் 10 கிலோமீட்டர் நடை சாதாரணம், ஆகவே புது ஷூவை அன்றைக்குப் பார்த்துப் போடாதீர்கள். கொப்புளம் வந்தால் பிள்ளையைத் தூக்கப் போவது நீங்கள்தான். இடியும் மின்னலும் வந்தால் வெளி ரைடுகள் நின்றுவிடும், அதற்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. மழைக்காலம் என்றால் தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. யாரோ பாதி உபயோகித்த பல நாள் டிக்கெட்டை மலிவாகக் கொடுக்கிறார் என்றால் திரும்பிப் பார்க்காமல் நடங்கள்.

எங்கள் அனுபவக் கணக்கு ஒன்று: மொத்தப் பணத்தில் டிக்கெட்டும் பாஸும் பாதியைத் தாண்டினால் அந்தத் திட்டம் இன்னும் வேகவில்லை. தங்குமிடத்தை மலிவு என்று ஒரு மணி நேரத் தூரத்தில் போடாதீர்கள். மத்தியானம் பிள்ளை துவண்டு போனால் அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து வர முடிய வேண்டும்.

வரம்புக்கு அருகே நிற்கும் பிள்ளைக்கு மட்டும் கடைசியாக ஒரு வார்த்தை. நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி, மாலையில் உயரம் சற்றுக் குறையும், சில சமயம் ஒரு சென்டிமீட்டர் வரைகூட. காலையில் 112.3 இருந்த பிள்ளை மாலையில் கோலைத் தொடாது. அந்த ரைடை முதலில் முடியுங்கள். சில பூங்காக்களில் விருந்தினர் சேவை அலுவலகத்திலேயே ஒருமுறை அளந்து கையில் நிறப் பட்டை கட்டிவிடுவார்கள், ஒவ்வொரு வாசலிலும் வாக்குவாதம் இருக்காது. எட்டவே எட்டாது என்று வீட்டுச் சுவர்க் கோட்டிலேயே தெரிந்துவிட்டால், பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அக்கா அதில் ஏறும்போது உனக்கு இந்த ரைடு என்று பெயரோடு சொல்லுங்கள். பெயரைத் தாளில் பிள்ளையே எழுதட்டும்.